தலைவர் கடலில் இறங்குகிறார்

தலைவர்: ...இறுக்காதேடா. நான் மூச்சு விட வேணாமா?

மச்சினன்: இறுக்கலை மாமா. கயிறு முடிச்சு விழுந்திருச்சு. அவுத்துக் கட்டினாத்தான் இந்த ட்ரவுசர் இடுப்புல நிக்கும். கடலுக்குள்ள அது ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் போயிடக் கூடாதில்ல.

தலைவர்: உன் அக்கா வாங்கினது. கல்யாணத்தப்போ இருந்த இடுப்புன்னு நினைச்சுட்டா போல.

மச்சினன்: அப்பவும் இந்த அளவு பத்தாதுன்னுதான் அவ சொல்றா.

தலைவர்: சரி, அந்த ஸ்டூல்ல ஏறி ஜன்னல் வழியா எட்டிப் பாரு. கூட்டம் எப்படி?

மச்சினன்: ...நல்ல கூட்டம். நகராட்சித் தலைவரே இறங்கி முங்கிக் காட்டப் போறார், நம்ம கடல் அவ்வளவு சுத்தம்னு மைக்குல சொன்னாங்கல்ல. பத்திரிகைக்காரங்க எல்லாம் மணல்ல நிக்கிறாங்க. துணைத்தலைவர் கையில துண்டோட அலையறார்.

தலைவர்: அவனுக்கு எதுக்குத் துண்டு?

மச்சினன்: நீங்க எழுந்து வந்ததும் துவட்டி விடவாம். ஒருவேளை நீங்க இறங்கலைன்னா தானே இறங்கறதுக்கு வேட்டிக்குள்ள ட்ரவுசரும் போட்டிருக்காராம். டிரைவர் சொன்னார்.

தலைவர்: அதானே. என் நாற்காலி மேல அவனுக்கு எப்பவும் ஒரு கண்ணு. ...பசங்க?

மச்சினன்: நீச்சல் பள்ளிப் பசங்க வரிசையா நிக்கிறாங்க. தலைக்குத் தலை நீலத் தொப்பி, யார் யாருன்னே தெரியலை. நீங்க காலை நனைச்சதும் மொத்தமா குதிக்கணும்னு ஒரு வாரமா பழக்கியிருக்காங்க.

தலைவர்: தண்ணி எப்படி இருக்கு?

மச்சினன்: தண்ணி... தண்ணி மாதிரி இருக்கு.

தலைவர்: நிறத்தைக் கேட்டேன்.

மச்சினன்: காலையில நீங்க குடிச்ச டீ.

தலைவர்: பால் ஊத்தியா, ஊத்தாமலா?

மச்சினன்: ஊத்தித்தான். ஓரத்துல ஆடை கூட கட்டியிருக்கு.

தலைவர்: நேத்து லேசா ஒரு தூறல்தானேடா.

மச்சினன்: லேசா? பட்டறை எண்ணெய், சந்தைக் கழிவு, நாய் போட்டது, மனுஷன் போட்டது, எல்லாத்தையும் ரோட்டுலேர்ந்து வழிச்சு மழைநீர்க் கால்வாய்ல தள்ளிருச்சு. கால்வாய் கடல்ல சேர்ற இடமும், உங்களுக்குக் கம்பளம் விரிச்ச இடமும் பக்கத்துப் பக்கத்துல.

தலைவர்: கால்வாய் ஓரமெல்லாம் மீன் படம் வரைஞ்சோமே. இதுல கொட்டினா மீன் சாகும்னு.

மச்சினன்: படம் வரைஞ்சாங்க. எழுத்துக்கு இடம் பத்தலைன்னு விட்டுட்டாங்க. மீன் கழுவின தண்ணியை ஊத்த நகராட்சி ஒதுக்கின இடம்னு சந்தையில எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. முன்னாடி கண்ட இடத்துல ஊத்தினவங்க கூட இப்போ ஒழுங்கா படத்துக்கு நேரா வந்து ஊத்தறாங்க. கோழிக்கு எப்போ படம் போடுவீங்கன்னு ஒரு அம்மா என்னையே கேட்டுச்சு.

தலைவர்: அப்போ அந்தக் குளம்? இன்ஜினியர் ஏதோ சொன்னானே.

மச்சினன்: கால்வாய் முடியற இடத்துல குளம் வெட்டி, கோரை வளர்த்து, மழைத்தண்ணியை நிறுத்தித் தெளிய வெச்சு விடலாம்னார். கடற்கரையைப் பார்க்க வர்ற காரை எங்கே நிறுத்தறதுன்னு நீங்க கேட்டீங்க. இப்போ அங்கதான் கார் நிக்குது. அவர்கிட்ட நேத்துக்கூடக் கேட்டேன். கடல் பெருசு தம்பி, நம்ம ஊர் சின்னது, அது தாங்கிக்கும்னுட்டார்.

தலைவர்: கடல் தண்ணியைச் சோதிச்சு உங்க லேப் சுத்தம்னுதானே சொல்லியிருக்கு?

மச்சினன்: எங்க லேப் எப்பவும் அதைத்தான் சொல்லும். மழை பெஞ்சா ரெண்டு நாளைக்குத் தண்ணி எடுக்கக் கூடாது, கலங்கின தண்ணியால ஊருக்குக் கெட்ட பேருன்னு உத்தரவு போட்டது யாரு? நாங்க வெயில்ல எடுக்கறோம், வெயில்ல சுத்தமா இருக்கு.

தலைவர்: அதுல என்ன தப்பு? அழுது வீங்கின முகத்தையா போட்டோ எடுப்பாங்க? சரி, காது வலி, இறங்க முடியலைன்னு சொல்லிட்டா?

மச்சினன்: துணைத்தலைவர் இறங்குவார்.

தலைவர்: வழுக்கி விழுந்துட்டேன்னா?

மச்சினன்: அப்பவும் அவர்தான். யார் இறங்கினாலும் பின்னாடியே பசங்க குதிப்பாங்க மாமா. போன மழைக்கப்புறம் இங்க விளையாடின பசங்க வாந்தியும் பேதியுமா கிடந்தாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு பையனுக்குக் காதுல சீழ் வெச்சு இன்னும் சரியா கேட்கலையாம். அவன் அம்மா இப்பல்லாம் கூப்பிடறதே இல்லை. கிட்டப் போய்த் தோளைத் தொடறாங்களாம். சிவப்புக் கொடி ஏத்திட்டா ஒருத்தரும் இறங்க முடியாது. லைஃப்கார்டு விட மாட்டார்.

தலைவர்: ஏன் ஏத்தினேன்னு பத்திரிகைக்காரன் கேட்பான். கால்வாய்ல என்ன வருதுன்னு நோண்டுவான். நோண்டினா...

மச்சினன்: கால்வாய்ல விழற கக்கூஸ் குழாய் உங்க அடுக்குமாடியில போய் நிக்கும்.

தலைவர்: அது தற்காலிக இணைப்புடா.

மச்சினன்: புதுசா கல்யாணமாகி அங்க குடிவந்த ஜோடியோட புள்ளை இப்போ பள்ளிக்கூடம் போகுது. இன்னும் தற்காலிகமா?

தலைவர்: நீ யார் சிபாரிசுல அந்த லேப்ல உட்கார்ந்திருக்கேன்னு ஞாபகம் இருக்கா?

மச்சினன்: இருக்கு. அசையாதீங்க, முடிச்சு திரும்ப இறுகுது.

தலைவர்: ...பஸ் சத்தம் கேட்குதே. இன்னும் பசங்க வர்றாங்களா?

மச்சினன்: கையைத் தூக்குங்க மாமா, கயிறு மாட்டுது.

தலைவர்: பேண்டு வாத்தியம் ஏன் நின்னுச்சு?

மச்சினன்: இதோ, இன்னும் ஒரே ஒரு சுத்து.

தலைவர்: டேய், ஸ்டூலை இப்படித் தள்ளு. நானே பார்க்கறேன்.

மச்சினன்: பாருங்க. இனி பார்க்கலாம்.

தலைவர்: ...யாருடா கொடியை ஏத்தினது?

மச்சினன்: நான்தான். இங்க உள்ளே வர்றதுக்கு முன்னாடியே. நீங்க வெளியே வந்தா ஒரே அதட்டல்ல இறக்க வெச்சுடுவீங்க. பசங்க எல்லாரும் கிளம்பற வரைக்கும் உங்களை இந்த ரூமுக்குள்ளேயே பிடிச்சு வெக்கணும்னு இருந்தேன். அந்த முடிச்சைப் போட்டதும் நான்தான்.

தலைவர்: நாளையிலேர்ந்து உனக்கு வேலை இல்லை.

மச்சினன்: தெரியும் மாமா. விடியக்காலையில உங்க உத்தரவை மீறித் தண்ணி மொண்டேன். முடிவு தெரிய நாளைக்கு ஆகும். ஆனா பாட்டிலைத் திறந்ததும் அடிச்ச நாத்தத்துல உங்க பொண்ணு ஞாபகம் வந்துருச்சு. தண்ணியைக் கண்டா நம்ம பாப்பா வாயைத் திறந்துட்டுத்தான் குதிப்பா. முதல் வரிசையில அவ நிப்பாளேன்னு நினைச்சேன், கை தானா கொடிக் கயித்தை இழுத்துருச்சு. அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க, பாப்பா பத்திரமா பஸ் ஏறிட்டான்னு.

தலைவர்: பாப்பாவா? அவ வீட்ல இருக்கா. நேத்து மழை பிடிச்சதுமே, நாளைக்கு நீ போக வேண்டாம்னு நான்தான் சொல்லிட்டேனே.