மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மேடம். என் மனைவி ஷெர்லின் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவாள்.

நீங்கள் ஜெரியின் வக்கீல். கீழ்க் கோர்ட்டில் தோற்ற கேஸை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகுமுன் என்னிடம் உண்மையைக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

நானும் ஜெரியும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ஒரே ஷிப்ட். பெட்டி நம்பரை அவன் படிப்பான், நான் எழுதுவேன். ஒன்பது வருடம். அதில் ஏழு வருடம் நாங்கள் வெறும் நண்பர்களாக இல்லை. காசிமேட்டில் பைக்கை நிறுத்தி ஒரே தட்டில் வறுத்த வஞ்சிரம் சாப்பிடுவோம். அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் நான் சாப்பிட்டதில்லை.

யார்டில் பேச்சு கிளம்பியது. "இன்னா டென்னிஸு, வூட்டுக்காரர் இன்னிக்கு லீவா?" என்பார் கிரேன் ஓட்டும் பக்தவச்சலம். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட வேலை செய்பவரிடம் ஜெரி அசிங்கமாக நடந்துகொண்டான் என்று நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. "நீ அப்படிப்பட்டவனா?" என்று கேட்டார்கள். "ஆமா சார். ஆனா யாரையும் தொந்தரவு பண்ணதில்ல" என்றான். முதல் வார்த்தையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வேலையை விட்டுத் தூக்கினார்கள்.

அவன் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனான். கம்பெனி என்னைச் சாட்சி போட்டது தெரிந்ததும் தேடி வந்தான்.

"மாமு, நம்ம கதைய எதுவும் சொல்ல வேணாம். நான் யாராண்டயும் தப்பா நடந்துக்கலன்னு மட்டும் சொல்லு. எனக்கு ஆம்பளையப் புடிக்கும்னா, அதுக்காண்டி என் சோத்துல மண்ணள்ளிப் போட அவுனுங்க யாரு?"

சரி என்றேன்.

கூண்டில் ஏறியதும், அவன் தொந்தரவு செய்தது என்னைத்தான் என்றேன். கம்பெனி சொல்லிக்கொடுத்ததைவிட இரண்டு வரி கூடுதலாகவே சொன்னேன். குறுக்கு விசாரணைக்கு நீங்கள் எழுந்தீர்கள். அவன் உங்கள் அங்கியைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்று தலையாட்டினான். நான் பார்த்தேன்.

அடுத்த மூன்று ஞாயிறும் ராயபுரம் மாதா கோயில் பூசையில் எனக்கும் ஷெர்லினுக்கும் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லவேண்டும் என்பது எங்கள் முறை. மூன்று வாரமும் ஜெரி கடைசி பெஞ்சில் இருந்தான். ஒரு வார்த்தை போதும். அவன் சொல்லவில்லை. மூன்றாம் ஞாயிறு வாசலில் கை கொடுத்தான். "நல்லா இரு மாமு."

இப்போது மணலியில் டேங்கர் லாரி கழுவுகிறான் என்கிறீர்கள். அவன் அம்மா ரோஸ்மேரி அவனோடு பேசுவதில்லை என்கிறீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அந்த மொட்டைக் கடிதமா? அதையும் நான்தான் எழுதினேன். இரண்டு பேர் பெயரும் கெடுவதைவிட ஒருவர் பெயரோடு போகட்டும் என்று நினைத்தேன். அவன் தாங்குவான்.

இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், மேடம். மார்ச்சில் எங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம். அது முடியட்டும். ஞானத்தகப்பனாக நிற்க ஜெரியைத்தான் கூப்பிடப் போகிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எனக்கு அவன் எதையும் மறுத்ததில்லை.