நான்கு கிண்ணங்களில் தண்ணீர்

உங்கள் மேசைக்கு எறும்பு வருகிறது. தேநீர் டம்ளரின் அடியில் இனிப்பு வட்டமாகப் படிந்திருக்கிறது, அதற்குத்தான். ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து புறப்பட்டுக் கோப்புகளின் விளிம்பை ஒட்டியே வருகிறது, பாருங்கள். விளிம்பு என்று ஒன்று இருந்தால் எறும்பு திறந்த வெளியில் நடக்காது. துணியைத் தேடிக்கொண்டிருக்கும் அந்தக் காவலரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். துடைத்தால் இந்த முப்பது எறும்பு போகும். அரைமணி நேரத்தில் அடுத்த முப்பது வரும். மறுபடி துடைப்பார். அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்துக்கொள்வார்.

இதைப் பொறுமையாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வேகமாகப் போனால் நிறுத்துங்கள். இருபத்திரண்டு வருடம் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன் நான். மெதுவாகப் புரிந்துகொள்பவர்கள் எனக்குப் புதிதல்ல.

பள்ளியை மூடிய பிறகு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மேற்பார்வை செய்கிறாள். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு வருவாள். அத்தான் கிரேன் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்பு கிரேன் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பகலில் அவரைக் கவனிப்பது என் வேலை. உடம்பு துடைத்துவிடுவேன், இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பேன், மாலை நான்கு மணிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தைலத்தைக் காலில் தேய்த்துவிடுவேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. இதையும் எழுதுங்கள்.

அந்த எறும்பு எங்கள் ஊர் எறும்பு இல்லை. நர்சரியிலிருந்து அக்கா வாங்கிவந்த செடித் தொட்டியின் மண்ணில் வந்தது. வீட்டில் அதற்குத் தொட்டி எறும்பு என்றே பெயர். சாதாரண எறும்பு கடிக்கும், தேய்த்துவிட்டுப் போய்விடலாம். இது தாடையால் தோலைப் பற்றிக்கொண்டு, வால்பக்கக் கொடுக்கால் சுற்றிச் சுற்றிக் கொட்டும். மறுநாள் கொட்டிய இடத்தில் வெள்ளைச் சீழ்ப்புள்ளி எழும். மூன்று மாதத்தில் தோட்டத்தில் மற்ற எறும்பே இல்லாமல் செய்துவிட்டது. ஓணான் முட்டையைக்கூட விட்டுவைக்கவில்லை. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிற உயிர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதை ஒழிக்க ஒரே வழி இரைதான். இரை என்றால் விருப்பமான தீனியில் மருந்து. மருந்து மெதுவாக வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அதன் அழகு. உடனே கொன்றால், தூக்கிப்போகிற எறும்பு வழியிலேயே செத்துவிடும். புற்றுக்குள் ஒன்றும் போய்ச் சேராது. மெதுவான மருந்தென்றால் அது சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுபோகும். பெரிய எறும்புக்குக் கட்டித் தீனி விழுங்கத் தெரியாது. குஞ்சுகளின் வாயில் வைக்கும். குஞ்சுகள் அதைக் கரைத்துத் திருப்பிக் கொடுக்கும். அது வாய்க்கு வாய் கைமாறி ஒருநாள் ராணியிடம் போய்ச் சேரும். பாசத்தோடு ஊட்டியே முழுக் குடும்பமும் முடிந்துவிடும்.

இதற்கு மூன்று விதிகள். எறும்புக்கு அந்தச் சமயத்தில் எதில் ஆசை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். இரை இருக்கும் இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. எது நடந்தாலும் இரையைப் பாதியில் எடுக்கக் கூடாது. முதல் சில நாள் எறும்பு அதிகமாகும், பயந்து எடுத்துவிட்டால் அதுவரை செய்தது அத்தனையும் வீண்.

ஒரு அட்டையில் சர்க்கரைத் தண்ணீர், வேகவைத்த முட்டை, கடலை எண்ணெய் மூன்றையும் வைத்து நாற்பது நிமிடம் எண்ணினேன். சர்க்கரைக்கு ஒன்பது எறும்பு, முட்டைக்கு முப்பத்தொன்று, எண்ணெய்க்கு இருநூற்றுப் பன்னிரண்டு. நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், அதுவும் உங்களிடம்தான் இருக்கிறது. எண்ணெயில் மருந்து கலந்து, பாட்டில் மூடிகளில் ஊற்றி, தோட்டத்திலும் அத்தான் அறைச் சுவரோரத்திலும் வைத்தேன்.

"ஆரம்பிச்சுட்டார்டி எறும்பு வாத்தியார்," என்றார் அத்தான் அக்காவிடம். "மாப்ள, அதுங்களுக்கு வாழை இலை போட்டுப் பந்தி வைக்கலையா?"

"பன்னிரண்டு நாள் பொறுங்க அத்தான்."

"எறும்பு சாகப் பன்னெண்டு நாளா? நாப்பது டன்னு தூக்குனவன்டா நான். கட்டவிரல் போதும் அதுக்கு."

அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். எடையைச் சொன்னால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நம்பினார். அந்த நாற்பது டன்னைத் தூக்கியது கிரேன்தான் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் நாள், கயிறு போலப் போய்க்கொண்டிருந்த வரிசை நூலாகிவிட்டது. புற்றே முழுசாக முடிய இன்னும் ஐந்து நாள் போதும். பதின்மூன்றாம் நாள் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தார், பழத்துக்குப் பதிலாக ஒரு ஸ்ப்ரே டப்பாவோடு. நான் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அறை முழுக்க வாசனை. அத்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, என் மூடிகள் ஒவ்வொன்றின் மேலும் அடித்துக்கொண்டிருந்தார்.

"பாருடா மாப்ள, நூறு பொணம். உன் மூடி எத்தனை கொன்னுச்சு?"

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாத்தியார் ஃபெயிலா?"

"பாட்டில் கழுவுனவன் விஞ்ஞானின்னா, கிரேன் ஓட்டுன நான் என்ஜினீயர்டா," என்றார் அத்தான்.

ஸ்ப்ரேயில் சாவது வெளியே வந்த எறும்பு மட்டும். ஒரு புற்றுக்கு அது நகம் வெட்டியது போல. ஆனால் இந்த வகைக்கு ஒரே புற்றில் பல ராணிகள். மிரட்டினால் ஒவ்வொரு ராணியும் தன் பங்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். ஒன்றாக இருந்ததை அவர் நான்காக ஆக்கிவிட்டு, ஜெயித்ததாக டப்பாவை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அந்த மூடியெல்லாம் இனிமே வேணான்டா."

"அவர் செஞ்சது தப்புக்கா. இப்ப அது பிரிஞ்சு..."

"தப்பாவே இருக்கட்டும். காலும் போச்சு, வேலையும் போச்சு. எறும்பையாவது ஜெயிச்சுட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சுது?"

எனக்கு என்ன குறைந்தது என்பதை விளக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

நான் கட்டிலுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொடுத்தேன். நான்கு கால்களின் கீழும் நான்கு கிண்ணங்கள், அவற்றில் தண்ணீர், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. வெறும் தண்ணீர் என்றால் அதன் மேல்பரப்பில் சிறிய எறும்பு மிதந்தே கடந்துவிடும். சோப்பு விழுந்தால் தண்ணீரின் அந்த மேல்தோல் போய்விடும், எறும்பு மூழ்கும். அக்காவுக்கு இது பிடித்துப்போயிற்று. வேலைக்குப் புறப்படும் முன் தினமும் குனிந்து நான்கையும் பார்த்து, குறைந்ததில் ஊற்றிவிட்டு, "நாலும் ரொம்பியிருக்கு, நிம்மதியா தூங்குங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு வாரத்தில் கட்டிலுக்கு மேலே இருந்த சுவிட்ச் பெட்டியிலிருந்து மண் துகள் உதிர்ந்தது. பிரிந்துபோன நான்கில் ஒன்று அதற்குள் குடியேறியிருந்தது. மின்சாரப் பெட்டி இந்த எறும்புக்கு ரொம்பப் பிடிக்கும். நான் பார்த்தேன், சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எறும்பைப் பற்றி என்னிடம் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் போய்விட்டிருந்தது.

மூடி வைக்காதே என்றால், மருந்து வைக்காதே என்றுதான் பொருள். மருந்தில்லாத வெறும் எண்ணெயை ஒரே ஒரு மூடியில் ஊற்றி, சுவிட்ச் பெட்டிக்குக் கீழே, கட்டிலின் தலைமாட்டுப் பலகை மறைக்கிற இடத்தில் ஒட்டினேன். மறுநாள் ஒரு சாண் கீழே. அதற்கடுத்த நாள் சுவரோடு ஒரு சாண் கால்மாட்டுப் பக்கம். எறும்பு ஒரு நாளும் வழி தவறவில்லை. சொன்னதைக் கேட்டது. அந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே கூட்டம் அதுதான். நான்காம் நாள் வரிசை மெத்தையின் உயரத்துக்கு வந்து நின்றது.

கிண்ணங்கள் நான்கும் நிரம்பியே இருந்தன என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டுகூட நான் குறைக்கவில்லை. கிண்ணத்தை நம்புகிறவர்கள் கிண்ணத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். அக்கா போனபிறகு போர்வையின் நுனி சுவரைத் தொடும்படி இழுத்துவிடுவேன். அவள் வருவதற்கு முன் மடக்கிவிடுவேன்.

மெத்தைமேல் மூடி வைத்தால் தெரிந்துவிடும். பிறகு யோசித்தபோது மூடியே தேவையில்லை என்று பட்டது. மாலை நான்கு மணிக்குத் தேய்த்துவிடுவது என் கையில்தானே இருந்தது. அலமாரியில் இருந்த தைலத்தைத் தொடவில்லை. சமையலறைக் கடலை எண்ணெயைத் தேய்த்தேன், முழங்காலிலிருந்து பாதம் வரை, வழக்கம் போல இருபது நிமிடம். விரல் இடுக்குகளைக்கூட விடவில்லை. அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசனை வேறயா இருக்கேடா."

"புது பாட்டில் அத்தான்."

முதல் நாள் பதினொரு புள்ளி. இரண்டாம் நாள் நாற்பத்தாறு. மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால் எண்ண முடியவில்லை. காலையில் உடம்பு துடைப்பவன் நான், போர்த்திவிடுபவனும் நான். அக்கா கேட்டபோது வேர்க்குரு என்றேன். களைத்து வருகிறவளுக்கு ஒரு சொல் போதும்.

அவருக்கு வலிக்கவில்லை. இதை யாருமே பேச மாட்டேன் என்கிறீர்கள். உணர்ச்சி உள்ள இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் வைக்கவில்லை. அவருடைய நூறு பிணத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஆறாம் நாள் மாலை காய்ச்சலில் அவருக்குப் பேச்சு குழறியது. அக்கா போர்வையை விலக்கினாள். ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த அக்கா அலமாரியைத் திறந்து, மாதத் தொடக்கத்தில் வாங்கிய தைல பாட்டிலைக் கையில் எடுத்தாள். கழுத்துவரை தைலம் இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கவனிக்கிற குணம் எங்கள் குடும்பத்தில் அவளுக்கும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பாட்டிலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு உண்மையை நிரூபிக்க நினைத்தேன், அவ்வளவுதான். மெதுவானது வேகமானதை ஜெயிக்கும், அதை அவர் வாயால் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், அன்றோடு நிறுத்திவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

சொன்னாரா என்று கேட்கிறீர்கள்.

சொன்னார். ஐந்தாம் நாள் மத்தியானம். கையில் ஏறிய ஒரு எறும்பை நசுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே உடம்பு கொதித்தது. "மாப்ள, கட்டில்ல ஏறுதுடா," என்றார். "நீ சொன்னதுதான் சரி. ஸ்ப்ரே வேலைக்காகல. நான்தான் வீம்புக்குக் கெடுத்துட்டேன். உன் மூடியையே வைடா, நான் தொடமாட்டேன்." மூன்று வருடத்தில் அவர் என் கையைப் பிடித்துப் பேசியது அன்றுதான்.

"சரி அத்தான்," என்று சொல்லிவிட்டு, நான்கு மணிக்கு எண்ணெயைச் சூடுபண்ண எழுந்து போனேன். இரையைப் பாதியில் எடுக்கக் கூடாது என்றுதான் முன்பே சொன்னேனே.