மழைநாளில் நாயை நடத்திச் சென்ற விவரம்

மேலாளர் அவர்களின் மேலான கவனத்துக்கு மிக முக்கியமான செய்தி ஒன்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்: எவ்வளவு மழை கொட்டினாலும் நாய்க்கு மூத்திரம் முட்டும். கிடங்கின் பின்னறை விஷயமாக நீங்கள் கேட்ட விளக்கம் இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

எங்கள் வீட்டு நாய் கௌரவம் பார்க்கிற ரகம். வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாது. காலையும் மாலையும் தெருமுனைக் கம்பம் வரை கூட்டிப் போயாக வேண்டும். மழை பிடித்த முதல் வாரம் அந்த வேலையை என் மனைவி பார்த்தாள். குடையை நாய்க்குப் பிடித்துவிட்டு, அவள் நனைந்தாள். மூன்றாம் நாள் என் மழைக்கோட்டைத் தேடினேன். அது நாயின் முதுகில் இருந்தது. கையை வெட்டி, வயிற்றுக்கு நாடா வைத்துத் தைத்திருந்தாள்.

"அப்ப நான் எதைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறது?"

"நீங்க என்ன உப்பா சர்க்கரையா, கரைஞ்சுபோக?" என்றவள், அதே மூச்சில் நாயிடம் குனிந்து, "தங்கம், காது நனைஞ்சுடுச்சாடா? வா, அம்மா தொடச்சு விடறேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் காது நனைந்ததா என்று யாரும் விசாரித்ததில்லை. தயவுசெய்து இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு நாயோடு போட்டி போடுகிற அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை. வீடென்றால் ஒரு வரிசை வேண்டும், அவ்வளவுதான்.

எட்டாம் நாள், "இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நீங்களா?" என்று சிரித்தாள். "பாத்துங்க, அது உங்களைக் கூட்டிட்டுப் போயிடப் போகுது."

முன்கூடத்தில் தண்ணீர் ஏறியதால், மழை விடும்வரை கிடங்குக்கு விடுமுறை என்று நீங்களே அறிவித்திருந்தீர்கள். காப்பாளன் என்ற முறையில் சாவி என்னிடம் இருந்தது. பின்னறை மேட்டில் இருக்கிறது, ஒழுகாது. நாயை அதில் விட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரும் நாலு பிஸ்கட்டும் வைத்துப் பூட்டினேன். ஒரே ஒரு நாள் என்பதுதான் திட்டம். கழுத்துவாரை உருவிக்கொண்டு ஓடிவிட்டது என்று வீட்டில் சொன்னேன்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். இருவரும் ஒரே குடையில் தெருத்தெருவாகத் தேடினோம். "தங்கம், தங்கம்" என்று நானும் கூப்பிட்டேன். எனக்கு நல்ல குரல் என்று அன்றுதான் தெரிந்தது. வீடு திரும்பியதும் என் தலையைத் துவட்டிவிட்டு, "நீங்களும் இல்லேன்னா நான் என்னங்க ஆயிருப்பேன்?" என்றாள்.

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டவன் மறுநாளே போய்க் கதவைத் திறப்பானா, நீங்களே சொல்லுங்கள். நாளைக்குத் திறக்கலாம் என்றிருந்தேன். மறுநாளும் அப்படியே தோன்றியது.

கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு வந்து கதவில் காது வைத்தேன். மூன்று நாள் பிறாண்டியது. என் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வால் கதவில் பட்டுப் பட்டுத் தட்டும். நான்காம் நாள் முனகல் மட்டும் வந்தது. ஐந்தாம் நாள் சத்தமே இல்லை. ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவள் எனக்காக வாசலிலேயே நின்றிருந்தாள். தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளக்கூடச் செய்தாள். அதன் பிறகு நான் கிடங்குப் பக்கம் வரவில்லை.

மழை பிடித்த பதினாறாம் நாள் அது விட்டது. கதவைத் திறந்தவர் நீங்கள். பூட்டியவன் நான், தாகத்தில் அது சாகும்வரை திறக்காமல் இருந்தவனும் நானே. இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை.

என் மனைவிக்கு மட்டும் இது தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாவம், இப்போதுதான் தேறி வருகிறாள். பக்கத்தில் நான் ஒருவன் இருப்பதே போதும் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது.

இன்று காலை ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்திருக்கிறாள்.