திரும்பிப் போகாத மெயில்கள்

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது யாராக இருந்தாலும் சுலபமான வழியைத்தான் பார்ப்பார்கள், அக்கா. நானும் அதைத்தான் பார்த்தேன்.

மாமாவின் கிளினிக் மெயில் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்கே தெரியும். அங்கே உட்காரும் டாக்டருக்கு வருவதையெல்லாம் அது அவருடைய சொந்த மெயிலுக்குத் தள்ளிவிடும், குப்பை விளம்பர மெயில்களையும் சேர்த்து. அங்கே ஏற்கவில்லை என்றால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். குப்பை அனுப்புகிறவன் சொந்தப் பெயரிலா அனுப்புவான்? யாரோ ஒரு டீச்சரின் முகவரியைப் போட்டிருந்தான். அந்தம்மாவுக்கு ஒரே நாளில் நானூறு வந்து விழுந்தது. மாமாவுக்குப் போன் போட்டு வறுத்தெடுத்துவிட்டார்.

"மருமகளே, இந்தச் சனியனை எப்படியாவது நிறுத்தும்மா."

குப்பையைச் சர்வருக்குள் விடாமல் வாசலிலேயே மறுப்பதுதான் சரியான வழி. அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: ஏற்காததைத் தூக்கிப் போடு, யாருக்கும் சொல்லாதே. ஐந்து நிமிட வேலை. "கில்லாடிதான் நீ" என்று மாமா ஹெட்போன் வாங்கித் தந்தார். நல்ல ஹெட்போன்.

டாக்டரின் மெயில்பாக்ஸ் அடிக்கடி நிரம்பிவிடும். அப்போது வெளி லேப் அனுப்பும் ரிப்போர்ட்டும் உள்ளே போகாது. முன்பெல்லாம் அது திரும்பிப் போகும், லேப்காரர்கள் போன் செய்வார்கள். இப்போது அவர்களுக்கும் தெரியாது. கிளினிக்கிலோ, "ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம்" என்று சொல்லித்தான் எல்லோரையும் அனுப்புவார்கள்.

கிளினிக்குக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவரின் ரிப்போர்ட்டும் அப்படித்தான் போனது, அவரை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் மாதம் இறந்துபோனார். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். ரிப்போர்ட்டைத் தொலைத்தது ரிசப்ஷன் அக்காதான் என்று மாமா அவளை வேலையைவிட்டு அனுப்பினார். அவள் பையை பஸ் ஸ்டாப்வரை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் செத்தவர் எழுந்து வரவா போகிறார்?

போன மாதம் உன் மார்புக் கட்டியிலிருந்து சதை எடுத்து அனுப்பினார்களே, அதன் ரிப்போர்ட் ஒன்பதாம் தேதியே வந்தது. சர்வர் தூக்கிப் போட்டுவிட்டது. என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது. "யாரும் கூப்பிடலடி, தப்பிச்சேன்" என்று என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாயே, அன்றைக்கே சர்வர் பதிவில் இதைப் பார்த்துவிட்டேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. மூன்று வாரம்தானே.

நாளைக்குச் சர்வரைச் சோதிக்க வெளியாள் வருகிறார். அதனால்தான் எழுப்பினேன். மாமாவுக்கு நீ என்றால் உயிர், நீ சொன்னால் என்னைத் திட்டமாட்டார். காலையில் ரிப்போர்ட் கேட்க லேபுக்கு ஓடுவதற்கு முன்னால், அவரிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசிவிடுகிறாயா?