டைல்ஸ் போட்ட மேஸ்திரி

ஓரிக்கை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் காலேஜ் படிக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மடியில் அப்போதுதான் வாங்கிய ஜன்னல் திரைகள். அம்மா திடீரென்று கேட்டாள்.

"நம்ம வீட்டுக்கு டைல்ஸ் போட்டது எந்த குடிகார மேஸ்திரிடி?"

மகள் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். நான் மொபைலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நேத்து வீட்டுக்கு வந்த உன் ஃப்ரெண்டுங்ககிட்ட அப்படி சொன்னியே."

"தரை ஏன் கோணலா இருக்குதுன்னு சிரிச்சாங்கமா. வாயில வந்துடுச்சி."

"அந்தப் பழைய வீட்ட லீவு நாள்ல எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணிக்கினு இருக்காரு உங்கப்பா. முட்டி போட்டுக்கினு அவரு டைல்ஸ் ஒட்டறப்ப, நீதான சிமெண்ட் கலந்து குடுத்த?"

"அப்பாவே டீ எடுத்துக்கினு வந்து, 'ஆமாம்மா, அந்த ஆளு சரியில்ல'ன்னாரே."

"வேற என்ன சொல்லுவாரு?"

மகள் திரைகளைப் பைக்குள் திணித்தாள். இரண்டு ஸ்டாப் தாண்டியதும் கேட்டாள்.

"அவங்க போனப்பறம் எதுனா சொன்னாராமா?"

"பாத்ரூமுக்காவது நல்ல மேஸ்திரியா வெச்சிக்கலாம், பாப்பாவுக்கு வெக்கமா இருக்குதுன்னாரு."