கம்பளம் காத்திருக்கட்டும்

இந்தப் பசுமைக் குடியிருப்பு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் செயலாளர் அவர்களே! முழங்கால் வலியோடு படியிறங்கி வந்திருக்கும் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற யோசனையோடு உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! உள்ளே வரவும் மனமில்லாமல், வெளியே போகவும் மனமில்லாமல் கதவோரம் நிற்கும் என் மகனே! எல்லோருக்கும் நாலாம் மாடித் தையல்காரம்மாவின் வணக்கம்.

எனக்கு மேடை புதிது, மைக் புதிது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. "ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்கம்மா, போதும்" என்றார் தலைவர். எதற்கு நன்றி? மொட்டைமாடியில் தோட்டம் போட்ட என் மருமகளின் நினைவாக, நாளைக் காலை அங்கே பச்சைக் கம்பளம் விரிக்கப் போகிறார்கள். அதோ, மூலையில் சுருட்டி நிறுத்தியிருக்கிறதே, அதுதான். பிளாஸ்டிக் புல். வாடாதாம், வதங்காதாம், தண்ணீரே கேட்காதாம்! அதற்கு இடம் வேண்டுமென்று, காய்ந்துபோன தொட்டிகளையெல்லாம் லாரியில் ஏற்றப் போகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஆனால் என் மருமகளைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு நன்றிக்கு வருகிறேனே?

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். உங்களில் எத்தனை பேருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பாள்! சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுமுன் அவள் தேடுவது, காய்கறித் தோல் போடும் வாளியை. அடுக்களையில் அது நாறும். நான் கத்துவேன்.

"இது வீடா, குப்பைமேடாடி?"

"குப்பை இல்ல அத்தை, சாப்பாடு."

"யாருக்கு?"

"பயப்படாதீங்க, உங்களுக்கு இல்ல. செடிக்கு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டவிட மாட்டாள். நான் வெட்டிப் போடும் துண்டுத் துணியை எறியவிட மாட்டாள். "பை தைங்க அத்தை, கடைக்காரன் பிளாஸ்டிக் பையை நீட்டுனா இதை நீட்டுவோம்" என்பாள். இந்தக் கட்டடத்தில் நான் தைத்த துணிப்பை இல்லாத வீடு உண்டா? அதோ, கையைத் தூக்கிப் பையைக் காட்டுகிற அந்தத் தங்கச்சி நன்றாக இருக்கட்டும்!

எங்கள் வீட்டில் அவள் எதையும் தொடலாம், என் துணிவெட்டும் கத்தரிக்கோலைத் தவிர. தையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கத்தரியால் ஒரு காகிதம் வெட்டினால்கூடக் கூர் மழுங்கிவிடும். ஒவ்வொரு வருஷமும் குளிர் முடிகிற இந்தச் சமயத்தில் வந்து நிற்பாள்.

"அத்தை, மாதுளையைக் கவாத்து பண்ணணும். இப்ப வெட்டுனாத்தான் வெயில் வந்ததும் துளிர்க்கும். உங்க கத்தரி, ஒரே ஒரு தடவை..."

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

சிரித்துக்கொண்டே காய் நறுக்கும் கத்தியோடு மாடிக்கு ஓடுவாள். இலையெல்லாம் உதிர்ந்து நிற்கும் அந்த மாதுளையைப் பார்த்து, "உன் விளக்குமாறு எப்பதான் காய்க்கும்?" என்று என் மகன் அவளைச் சீண்டுவான். "காய்க்கும்போது உனக்குக் கிடையாது போடா" என்பாள்.

மழை முடிந்த கையோடு காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் நடந்து திரும்பவில்லை.

"அம்மா, அந்தத் தொட்டியெல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன். என்னால அதைப் பாக்க முடியலம்மா" என்றான் மகன். பெற்றவள் நான், சரியென்று தலையாட்டிவிட்டேன்.

நேற்று மாடிக்குப் போனேன். போகப்போகிற செடிகளிடம் விடைபெறத்தான் போனேன். அவள் கேட்டுக் கேட்டு அலுத்தாளே, அதையாவது ஒருமுறை செய்துவிடலாம் என்று என் கத்தரிக்கோலைக் கையோடு கொண்டுபோனேன். அந்த விளக்குமாற்றில் ஒரு கிளையை வெட்டினேன்.

வெட்டிய இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? மேலே சாம்பல், உள்ளே பச்சை! மேலே சருகு, உள்ளே ஈரம்! மேலே சாவு, உள்ளே... அம்மா, எனக்குத் தண்ணீர் கொடுங்கள். போதும், போதும்.

"பசுமை, பசுமை" என்று எல்லோரும் அழகாகப் பேசினீர்கள். என் வாயில் அந்தச் சொல் வராது. எனக்குத் தெரிந்தது பச்சை. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு என்கிறோம். பிறந்தது பச்சைப் பிள்ளை. ஆறாதது பச்சைப் புண். இதில் எது பச்சை நிறம்? சொல்லுங்கள், எது? தொட்டால் வலிக்கிறதே, வலித்தாலும் வளர்கிறதே, அதுதானய்யா பச்சை! அந்தக் கம்பளத்தில் நிறம் இருக்கிறது. தொட்டால் அதற்கு வலிக்குமா? வெட்டினால் அது துளிர்க்குமா?

இல்லை தலைவரே, சண்டை போடவில்லை, கெஞ்சுகிறேன். குளிர் போகும்வரை பொறுங்கள். வெயில் வந்தும் துளிர்க்காவிட்டால் நானே தொட்டிகளைச் சுமந்து லாரியில் ஏற்றுகிறேன். அதுவரை கம்பளம் காத்திருக்கட்டும். வாடாத பொருள்தானே, காத்திருக்க அதற்கென்ன கஷ்டம்?

இதோ அந்தக் கிளை. முன்வரிசைத் தம்பி, பின்னால் கொடுங்கள். கைமாறிக் கைமாறிக் கதவுவரைக்கும் போகட்டும். கண்ணா, வாங்கிக்கோ. நகத்தால கொஞ்சம் சுரண்டிப் பாரு.

என்ன? சத்தமாகச் சொல்லப்பா, தலைவருக்குக் கேட்க வேண்டும்.

"ஈரமா இருக்கும்மா... தொட்டிங்க இருக்கட்டும்மா."

கேட்டீர்களா? தலைவரும் தலையை ஆட்டிவிட்டார், எல்லோரும் சாட்சி! இப்போது சொல்கிறேன், அந்த நன்றியை. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுக்கப் போகிற கம்பளத்துக்கும் நன்றி. துணி கொடுத்தவர்கள் கோபிக்க வேண்டாம். என் கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது, வேறு வாங்கித்தான் தைக்க வேண்டும். பழையதைச் சாணை பிடிக்கப் போவதில்லை. அது இனி மாடியில் மாதுளைக்குப் பக்கத்திலேயே இருக்கும். கேட்டவளுக்குக் கொடுத்துவிட்டேன்.

வருகிறேன், வணக்கம்.