டிராக்டருக்கு நான் போட்ட சீனி

இந்த வருடம் போஞ்சி நன்றாகக் காய்த்திருக்கிறது, தம்பி நித்தியானந்தன். போகும்போது ஒரு பை கொண்டுபோங்கள். நீங்கள் எங்கள் தோட்டச் சங்கத்தின் செயலாளர் என்பதால்தான் வரச் சொன்னேன். தோட்டத்தில் நம்மோடு இருந்த ஹெனிங்கின் விஷயத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனச்சாட்சி உறுத்துகிறது, வேறொன்றுமில்லை.

என் கணவர் சிறீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற கையோடு றொஸ்கில்ட நகரப் பக்கத்துப் பண்ணையொன்றில் அந்தச் சிவப்பு டிராக்டரை வாங்கினார். எழுபதுகளில் புல் வெட்டுவதற்கென்று செய்த சின்ன வண்டி. சங்கம் குத்தகைக்குத் தந்த எங்கள் துண்டுக் காணியில் இருக்கிற புல்லை நான் கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடுவேன்.

"இதெல்லாம் சாகாத இரும்பு, மனோ" என்றார். "இப்ப வாறதெல்லாம் பிளாஸ்ரிக்."

அதை நான் அப்போது ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவருக்கு இந்த இடத்துத் துணுக்குகளில் பித்துப் பிடித்தது. பொதுக் குழாய் முன்பு வடக்கே பார்த்திருந்ததாம், ஒரு மாரிக்குப் பிறகு கிழக்கே திருப்பினார்களாம். பச்சை வாசற்கதவு முதலில் பச்சை இல்லையாம். இவற்றைச் சொல்வதற்காக, சனிக்கிழமைகளில் டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கொளுவி, ஆட்களை ஏற்றித் தோட்டங்களைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். எங்கள் அல்பர்ட்ஸ்லுண்டில் மழையில்லாத சனிக்கிழமையில் சனத்துக்கு வேறு என்ன வேலை. வந்தார்கள்.

எங்கள் காணிக்கு முன்னால் நிறுத்தி ரபார்பர் செடியைக் காட்டுவார். டேனிஷ்காரர் புளிப்புத் தண்டுக்காக வளர்க்கிற செடி. அது யார் யார் கைமாறி வந்தது, முதலில் நட்ட பல்வைத்தியரின் தங்கை ஏன் கல்யாணம் கட்டவில்லை, எல்லாம் சொல்வார். நான் பக்கத்தில் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் பெட்டியிலிருந்த ஒரு பெண் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் என்று டேனிஷில் சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

முதியோர் இல்லத்தில் அவ்வளவு காலம் வேலை செய்தவள் நான், தம்பி. எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வண்டிச் சத்தம் அவருடைய காதுக்குக் கூடாது என்றுதான் யோசித்தேன்.

அவர் தலைமுடி வெட்டப் போன நேரத்தில் பெற்றோல் தாங்கிக்குள் சீனி போட்டேன். இரண்டு பைக்கற். பெற்றோலில் சீனி கரையாது என்பது பிறகுதான் தெரிந்தது. வண்டி கொஞ்சம் இருமியது. அவர் தாங்கியைக் கழற்றி, கழுவி, பின்னேரமே ஓட்டினார். அடுத்த சனிக்கிழமை, சீனி தின்ற டிராக்டர் என்று புதிதாக ஒரு கதை சேர்ந்துகொண்டது. சனம் கூடியது.

அடுத்து அடியிலிருந்த ஆணியைக் கழற்றி எஞ்சின் எண்ணெயை ஓடவிட்டேன். உருளைக்கிழங்குப் பாத்தி பட்டுப்போனது. வண்டி எண்ணெயில்லாமலே வாசல்வரை போய் நின்றது. புது எண்ணெய் விட்டதும் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வந்தது. அந்தப் பாத்தியையும் சுற்றிக் காட்டும் இடங்களில் அவர் சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் குளம். சங்கத்தின் கோடை விருந்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரோல்ஸ் சூடாக்கப் போவதாகச் சொல்லி எழுந்தேன். கியரை விடுவித்துச் சரிவில் தள்ளினேன். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் பழகிய இடுப்பு எனக்கு. வண்டி அமைதியாக இறங்கியது. வாத்துகள் விலகி வழிவிட்டன. நான் சூடான ரோல்ஸோடு திரும்பி வந்தேன். ஹெனிங் இரண்டு எடுத்தார்.

கயிறு கட்டி இழுத்தெடுத்தார்கள். என் கணவர் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் காயவைத்துப் பூட்டினார். எஞ்சின் பிடித்ததும் கைதட்டினார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்தார்கள். அவர் கண்கலங்கி என்னிடம் சொன்னார்: "ஆரோ இதைக் கொல்லப் பாக்கினம், மனோ. ஆனா இது விடாது."

அந்த யாரோ ஹெனிங்தான் என்று சங்கம் முடிவு செய்தது. மத்தியானத்தில் சத்தம் போடுகிறது என்று முன்பு முறைப்பாடு கொடுத்தவர் அவர் ஒருவர்தான். வெறும் சீனிப் பைக்கற்றுகள் அவருடைய குப்பைத்தொட்டியில் கிடந்தன. எங்களுடையது நிறைந்திருந்தபடியால் நான் அங்கே போட்டிருந்தேன். ஆணி கழற்றிய, எண்ணெய் படிந்த சாவியும் அவருடைய கொட்டிலில் இருந்தது. அது அவருடைய சாவிதான். இரவல் வாங்கியதைத் திருப்பி வைப்பதுதானே மரியாதை.

அவருடைய காணியைப் பறிப்பதற்கு வாக்கெடுப்பு நடந்தபோது நானும் கை தூக்கினேன். நான் மட்டும் தூக்காவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள். அவர் சாமான் கட்டிய அன்று ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, தக்காளிச் சாடிகளைக் காரில் ஏற்ற உதவினேன். இந்தத் தோட்டத்தில் தன்னோடு இன்னும் கதைக்கிற ஒரே ஆள் நான்தான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர்.

அதெல்லாம் ஓய்ந்துவிட்டது. இப்போது வந்திருக்கும் பிரச்சினை வேறு.

சனிக்கிழமைகளில் என் கணவர் ஹெனிங்கின் வெறுங்காணிக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறார். குரலைத் தாழ்த்தி, அந்த மனிதனின் தந்திரம், பொறுமை, துணிச்சல் என்று நெடுநேரம் பேசுகிறார். சனம் மூச்சுவிடாமல் கேட்கிறது. படம் எடுக்கிறார்கள். ஹெனிங்குக்கு ஏது தந்திரம், தம்பி? சொந்தக் கொட்டில் கதவைத் திறக்கவே அவருக்கு இன்னொருவர் வேண்டும். சீனி ஒரு பைக்கற் என்கிறார் இவர். இரண்டு. குளத்தில் தள்ளுவதற்குப் பலசாலியான துணையாள் ஒருவன் இருந்திருப்பான் என்கிறார். ஒருவரும் இருக்கவில்லை. மூன்றையும் நான் தனியாகவே செய்தேன்.

செய்ததை நான் மறைக்கவில்லை, வருத்தமும் இல்லாமலில்லை. வரலாறு பிழையாகப் போகக்கூடாது, அதுதான் என் கவலை. ஹெனிங்குக்குக் காணியைத் திருப்பிக் கொடுப்பதைச் சங்கம் ஆறுதலாக யோசிக்கட்டும். ஆனால் எங்களுடையவரிடம் சரியான கதையை இந்தச் சனிக்கிழமைக்கு முதலே சொல்லிவிடுங்கள். முழுப்பெயர் மனோரஞ்சிதம். டேனிஷ்காரருக்கு லேசில் வாயில் வராது. மெதுவாக, இரண்டு தரம் சொல்லச் சொல்லுங்கள்.